மருந்தை நிறுத்தவும் ஒரு டாக்டர்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குத் தாராவியிலிருந்து அத்தை போன் செய்தார். அத்தை என்றால் ரத்த உறவு கிடையாது. நான் பிறந்து வளர்ந்த சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள கட்டிடத்தில், எதிர்வீடு. திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"பிள்ள, மாமாவுக்குப் பெரிய டாக்டர் ஒருத்தர வரச் சொல்லிருக்கோம்னு சொன்னாவ. வந்தாவ, பாத்தாவ, ஓடிக்கிட்டிருந்த ஊசி ரெண்டையும் நிப்பாட்டச் சொல்லிட்டுப் போயிட்டாவ. அதுக்கு ஃபீஸ் வேற. இனிமே ஒண்ணுமில்லன்னு கைய விரிச்சுட்டாவளோ?"

நான் மும்பையில் வேறொரு மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் யாருக்கு மருந்துச்சீட்டு எழுதினாலும் அதன் போட்டோ எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அன்றும் வந்தது. மாமாவின் கேஸ் ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அத்தைக்கு அதைப் புரியவைக்கத்தான் அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரப் பேச்சைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இது.

வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டார் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். தொங்குகிற பாட்டில் கூடினால் நன்றாகக் கவனிக்கிறார்கள், குறைந்தால் கைவிட்டுவிட்டார்கள். தொற்று மருத்துவ நிபுணர் வந்துபோகும் கட்டிலில் இந்தக் கணக்கு உதவாது. அவர் வேலையில் பாதிக்கு மேல் கழித்தல். மருந்தை நிறுத்துவார், சின்ன மருந்துக்கு மாற்றுவார், நாளைக் குறைப்பார். சில நேரம் "இது நோயே இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். இதற்குத்தான் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதை நம்புவது கஷ்டம். வீட்டாருக்கு மட்டும் இல்லை, கூப்பிட்டனுப்பிய டாக்டருக்கேகூட.

எல்லாரும் எழுதும் மருந்து

கீமோ மருந்தைப் புற்றுநோய் டாக்டரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். வலிப்பு மருந்தை மாற்ற வேண்டுமென்றால் நரம்பு டாக்டரைக் கேட்பார்கள். ஆன்டிபயாடிக்கை மட்டும் எல்லாரும் எழுதுவார்கள். எலும்பு டாக்டர், மகப்பேறு டாக்டர், பல் டாக்டர், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஜூனியர் டாக்டர் எல்லாரும். ஊருக்கே பொதுக் கிணறு என்றால் தூர்வாருவது யார்? ஆன்டிபயாடிக்கின் நிலைமை அதுதான்.

இன்னொரு விநோதமும் உண்டு. மாமா சாப்பிடும் பிரஷர் மாத்திரை மாமாவின் பிரஷரை மட்டும்தான் குறைக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆன்டிபயாடிக் அப்படிப்பட்டதில்லை. மாமாவுக்கு ஏற்றிய ஊசி, அடுத்த மாதம் அதே வார்டில் படுக்கப்போகிறவருக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

எப்படி என்று அத்தை கேட்டார். காலை எட்டரை மணி லோக்கல் ரயிலைச் சொன்னேன். நம் குடல் அந்தப் பெட்டி மாதிரி. நிற்க இடமில்லாமல் கோடானுகோடி பாக்டீரியாக்கள், அநேகமாக எல்லாம் சாதுவானவை. ஆன்டிபயாடிக் என்பது தாதர் ஸ்டேஷன். மருந்துக்கு மசிகிறவை மொத்தமாக இறங்கிவிடும். மசியாத நாலைந்து உள்ளேயே நிற்கும். காலியான சீட்டெல்லாம் அப்புறம் அவற்றுக்குத்தான். பெட்டி மறுபடி நிரம்பும்போது அவற்றின் பிள்ளைகுட்டிகளே நிரம்பியிருக்கும். போதாக்குறைக்கு, எதிர்ப்புச் சக்திக்கான மரபணுவைப் பக்கத்தில் நிற்கிற வேறு ஜாதி பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும் வித்தை இவற்றுக்குத் தெரியும். பிளாஸ்மிட் என்கிற சின்ன மரபணு வளையத்தில் வைத்துக் கொடுத்துவிடும். பிறகு கழுவாத கை, கட்டிலின் கம்பி, சிறுநீர் போகப் பொருத்திய குழாய் என்று ஏதாவதொன்றைப் பிடித்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடும்.

மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, பாதுகாப்புதானே என்ற நினைப்பு இங்கேதான் அடிபடுகிறது.

யார் இந்த நிபுணர்கள்

பம்பாய்க்காரர்களுக்குத் தொற்றுநோய் டாக்டர் என்றதும் ஆர்தர் ரோடு கஸ்தூர்பா மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1896-ல் பிளேக் வந்து ஊரைக் காலி செய்ததிலிருந்து, தொற்று என்றால் ஆளைப் பிரித்துத் தனி இடத்தில் வைப்பது என்று இந்த ஊருக்குப் பழக்கம். அந்த வேலை இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது சிக்கலான தொற்று பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்கு உள்ளேயே உருவாகிறது. மூட்டு மாற்றியவருக்கு, சிறுநீரகம் பொருத்தியவருக்கு, கீமோவில் வெள்ளணு விழுந்தவருக்கு, ஐ.சி.யூ-வில் குழாயோடு பத்து நாள் கிடப்பவருக்கு.

இவர்களைப் பார்க்கும் தொற்று மருத்துவ நிபுணர், பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து அதற்கு மேல் மூன்று வருஷம் இதையே படித்தவர். வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் போன்ற சில இடங்களில்தான் இந்த டி.எம். படிப்பு இருக்கிறது. நம் ஜனத்தொகைக்கு அவர்கள் எண்ணிக்கை கறிவேப்பிலை போலத்தான். அதனால் பல மருத்துவமனைகளில் இந்த வேலையின் பெரும்பாதியை மைக்ரோபயாலஜி டாக்டர் செய்கிறார். லேப் ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிறவர் டெக்னீஷியன் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்த முழு டாக்டர். நோயாளியைப் பார்க்காமலே அவர் உயிரைக் காப்பாற்றுவது இவருடைய தலையெழுத்து. கூடவே ஐ.சி.யூ டாக்டர், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், என்னைப் போல அளவையும் மருந்துக்கு மருந்து ஆகாததையும் பார்க்கும் ஃபார்மசிஸ்ட். எல்லாரும் சேர்ந்தால் அதற்கு ஆன்டிபயாடிக் மேற்பார்வைக் குழு என்று பெயர். பெயர் பெரிது. பல இடங்களில் நாலு பேரும் ஒரு டீயும்தான்.

முதல் ஒரு மணி நேரம்

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது, பழைய சர்க்கரை. இரண்டு நாளாகச் சிறுநீரில் எரிச்சல், மூன்றாம் நாள் குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது. கொண்டுபோனபோது பிரஷர் எண்பதுக்குக் கீழே.

இந்த நிலைமையில் எந்தக் கிருமி என்று கண்டுபிடித்துவிட்டு மருந்து கொடுக்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. தொற்றால் பிரஷர் விழுந்த நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சரியான ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி. கிருமி தெரியாததால் வலையை அகலமாக வீசுவார்கள். மாமாவுக்கு மெரோபெனம், அதோடு டீகோபிளானின் என்று இரண்டு ஊசி. அன்றைக்கு அது சரியான முடிவு. மாமா இன்று உட்கார்ந்து பேசுகிறார் என்றால் அதற்கு அந்த முதல் டோஸ்தான் காரணம். அதைக் கொடுத்த அவசர சிகிச்சை டாக்டரும் இந்தக் கதையில் ஒரு நிபுணர்தான்.

ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் அந்த டாக்டர் இன்னொன்றும் செய்திருந்தார். இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியிருந்தார். "சர்க்கரைக்கு ஒரு சொட்டு போதும், இவ்வளவு ரத்தமா உறிஞ்சுவாவ?" என்று அத்தை அப்போதே முனகியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மி.லி. ரத்தம் வேண்டும். ரத்தத்தில் ஓடும் கிருமி எண்ணிக்கையில் மிகக் குறைவு, கொஞ்சமாக எடுத்தால் அகப்படாது. இரண்டு இடத்தில் எடுப்பது, தோலில் இருந்த கிருமி ஊசியோடு வந்து ஒட்டிக்கொண்டதா, நிஜமாகவே ரத்தத்தில் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க. மருந்து போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். வேறெங்கோ நாலு நாள் பெரிய ஊசி ஏறி, எங்களிடம் வரும் நோயாளி. கல்ச்சர் சுத்தம், ஆனால் அந்தச் சுத்தத்துக்கு அர்த்தமில்லை. காய்ச்சல் குறைந்திருக்கும். எந்த மருந்தால் குறைந்தது, எதை நிறுத்தலாம் என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் இரண்டு பெரிய ஊசியையும் பதினாலு நாள் முழுக்க வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தும் தைரியம் முதல் மணி நேரத்தில் எடுத்த ரத்தத்திலிருந்துதான் வருகிறது.

அகல வலை என்றாலும் எந்த வலை என்பது ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். லண்டன் புத்தகத்தில் எழுதியிருப்பது இங்கே ஒத்துவராது. சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணமான இ.கோலி, செஃப்ட்ரியாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளுக்கு இந்தியப் பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் அசைவதில்லை. ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013 முதல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை வலையமைப்பை நடத்தி ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. ஒவ்வொரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி டாக்டரும் தன் லேபில் ஒரு வருஷம் வளர்ந்த கிருமிகளை எல்லாம் கூட்டி, எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் பணிந்தது என்று அட்டவணை போடுவார். ஆன்டிபயோகிராம் என்பார்கள். ஜூனியர் டாக்டர் நடுராத்திரியில் எடுக்கும் முடிவு, நோயாளியையே பார்க்காத ஒருவர் போட்ட அந்த அட்டவணையின்மேல்தான் நிற்கிறது. நல்ல இடங்களில் அது நர்ஸிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும்.

லேபில் நடப்பது

கல்ச்சர் பாட்டில் ஒரு பெட்டிக்குள் சூடாக இருக்கும். கிருமி வளர்ந்தால் பெட்டி மணியடிக்கும். இ.கோலி மாதிரி வேகமான கிருமி என்றால் ஒரு நாளுக்குள்ளேயே அடித்துவிடும். உடனே ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மைக்ரோபயாலஜி டாக்டர் வார்டுக்கு போன் செய்வார்: சிவப்புக் கம்பி மாதிரி தெரிகிறது. இந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு என்றால், மாமாவுக்குப் போய்க்கொண்டிருந்த டீகோபிளானின் அந்த நிமிஷமே வெறும் தண்ணீருக்குச் சமம். அது ஊதா உருண்டைகளை, அதாவது ஸ்டாஃப் வகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்து. சிவப்புக் கம்பியை ஒன்றும் செய்யாது. கிருமியின் பெயர், எந்த மருந்துக்கு மசியும் என்ற பட்டியல் எல்லாம் வர இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும்.

அந்தப் பட்டியலைப் படிப்பதிலும் ஒரு வலை இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எம்.ஐ.சி. என்று ஓர் எண் இருக்கும், அந்தக் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவு. எண் எதற்குச் சிறியதோ அதுதான் கெட்டிக்கார மருந்து என்று டாக்டர்களே சில சமயம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு வேறு. ஒன்றின் 0.25-ஐ இன்னொன்றின் 2-உடன் ஒப்பிடுவது, தங்கத்தின் கிராமையும் வெங்காயத்தின் கிலோவையும் ஒப்பிடுவதுபோல. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, சின்ன மருந்து வேலை செய்யும் என்று தெரிந்தால் பெரிய மருந்தின் பெயரையே ரிப்போர்ட்டில் காட்டாமல் வைத்துக்கொள்ளும் மைக்ரோபயாலஜி டாக்டர்கள் இருக்கிறார்கள். குழந்தை கண்ணில் படாமல் மிட்டாயை மேல் அலமாரியில் வைப்பது மாதிரிதான். நான் இதற்கு முழு ஆதரவு.

அதைவிடப் பெரிய வலை, கிருமி இருந்தாலே நோய் என்று நினைப்பது. சிறுநீர்க் குழாய் பல நாளாக இருக்கும் யாருக்கும் சிறுநீரில் கிருமி வளரும். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை என்றால் மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் விலக்கு. ரத்தத்தில் ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் எடுத்த விதத்தின் பிழை. வீட்டாரோ ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரைத் தடித்த எழுத்தில் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா போட்டிருக்கு, மருந்தே குடுக்கலையே" என்று பதறுவார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய், நோயாளியின் முகத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து வைத்து முடிவு சொல்வதுதான் தொற்று நிபுணரின் படிப்பு.

மூன்றாம் நாள்

மாமாவின் ரத்தத்தில் வளர்ந்தது இ.கோலி. அதிர்ஷ்டவசமாகப் பழைய மாதிரிக் கிருமி. கோட்ரைமாக்சசோல் என்ற, அரசு மருந்தகத்தில்கூடக் கிடைக்கும் சாதாரண மாத்திரைக்கே மசியும் என்று வந்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது, பிரஷர் சீராகிவிட்டது, இட்லி கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார். நிபுணர் இரண்டு ஊசியையும் நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார். மொத்தம் ஏழு நாள், முதல் நாளிலிருந்து எண்ணி.

கேஸ் ஷீட்டில் எனக்குப் பிடித்த வரி அதற்குக் கீழே இருந்தது. மாமா சர்க்கரைக்கு கிளிமெபிரைட் சாப்பிடுகிறார். அதோடு கோட்ரைமாக்சசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். பிரஷருக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார், அதோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சர்க்கரையை நாலு வேளையும் பார்க்கவும், பொட்டாசியத்தை இரண்டு நாள் கழித்துச் சோதிக்கவும், இந்த மாத்திரையில் உள்ள சல்ஃபாவுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டாயிற்று என்றும் எழுதியிருந்தார். கைவிட்டவர் இப்படி எழுத மாட்டார் என்று அத்தையிடம் சொன்னேன்.

பெரிய மருந்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை நம் ஊரில் ஊறியிருக்கிறது, டாக்டர்களிடமும்தான். மெரோபெனம் பலவிதக் கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மை. எந்தக் கிருமியையும் இன்னும் நன்றாகக் கொல்லும் என்பது பொய். ரத்தத்தில் சாதாரண ஸ்டாஃப் ஆரியஸ் வளர்ந்தால், பெரிய மருந்தாகப் பெயரெடுத்த வான்கோமைசினைவிட, மலிவான பழைய செஃபசோலின் நன்றாக வேலை செய்கிறது. "பெனிசிலின் அலர்ஜி" என்று கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதியிருப்பதால் நல்ல மருந்து கிடைக்காமல் போகிறவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்தால் அப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அலர்ஜி இருப்பதே இல்லை. சின்ன வயதில் மருந்து சாப்பிட்டபோது வந்த தடிப்பு, அல்லது அம்மா சொன்ன நினைவு. அந்தச் சிவப்பு மையை அழிப்பதும் நிபுணர் வேலையில் சேர்த்தி.

நாள் கணக்கும் பெரும்பாலும் பழக்கத்தில் வந்ததுதான். ஐந்து, ஏழு, பத்து, பதினாலு என்று கைவிரலுக்கும் வாரத்துக்கும் தோதாக அமைந்த எண்கள். 2024-ல் வெளிவந்த பேலன்ஸ் என்ற பெரிய ஆய்வில், ரத்தத்தில் கிருமி வளர்ந்த 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஏழு நாளும் மறு பாதிக்குப் பதினாலு நாளும் மருந்து கொடுத்தார்கள். 90 நாள் கழித்து எண்ணியபோது ஏழு நாள்காரர்களில் 14.5 சதவீதம், பதினாலு நாள்காரர்களில் 16.1 சதவீதம் இறந்திருந்தார்கள். குறைத்ததால் நஷ்டமில்லை. மாமாவுக்கு ஏழு என்ற எண் இப்படி வந்தது.

ஆனால் அந்த ஆய்வில் ஸ்டாஃப் ஆரியஸ் நோயாளிகளைச் சேர்க்கவில்லை. அந்தக் கிருமி ரத்தத்தில் வந்துவிட்டால் இதே நிபுணர் கூட்டல் வாத்தியாராக மாறிவிடுவார். காய்ச்சல் விட்டாலும் விட மாட்டார். ரத்தம் சுத்தமாகும் வரை மறுபடி மறுபடி கல்ச்சர், இதய வால்வில் உட்கார்ந்திருக்கிறதா என்று எக்கோ, முதுகெலும்பில் வலி உண்டா என்று கேள்வி, குறைந்தது இரண்டு வாரம், பல நேரம் நாலு முதல் ஆறு வாரம் ஊசி. இப்படிப்பட்டவர்களைத் தொற்று நிபுணர் பார்த்தால் இறப்பு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மருந்துச்சீட்டை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

மும்பைக்கென்று ஒரு தனிக் கவலையும் உண்டு. இருமலோடு வருபவருக்கு லீவோஃபிளாக்சசின் எழுதுவது இங்கே சர்வ சாதாரணம். அது டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நோயாளிக்கு ஒரு வாரம் தேவலை போலிருக்கும், சளியில் கிருமி தெரியாது, நோய் உள்ளே வளரும், அதற்குள் அந்த மருந்துக்கே பழகியும் போகலாம். 2011 கடைசியில் மாஹிமில் உள்ள இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள், சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத டி.பி. நோயாளிகள் நாலு பேரைப் பற்றி எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் குறிப்பிலேயே எங்கள் தாராவியும் வருகிறது. மருந்துக்கு மசியாத டி.பி. நோயாளி ஒருவர் வந்தால் என்ன எழுதுவீர்கள் என்று தனியார் மருத்துவர்கள் 106 பேரிடம் கேட்டதில், சரியாக எழுதியவர்கள் 5 பேர். அந்த வரியைப் படித்த அன்று எனக்குக் கோபம் அவர்கள்மேல் வரவில்லை. இருபது ரூபாய்க்குக் கூட்டத்தைப் பார்க்கும் டாக்டருக்கு சந்தேகம் வந்தால் கேட்க ஒரு நிபுணர் நம்பர் இருந்ததா என்றுதான் யோசித்தேன்.

கத்தியும் கவுரவமும்

தொற்று நிபுணருக்கு அதிகாரம் கிடையாது என்பதைச் சொல்லியாக வேண்டும். நோயாளி அவருடையவர் இல்லை. அறுவை டாக்டரோ, இதய டாக்டரோ தன் நோயாளியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லக் கூப்பிடுகிறார். நிபுணர் எழுதுவது யோசனை. ஏற்பதும் விடுவதும் கூப்பிட்டவர் இஷ்டம்.

உதாரணத்துக்கு, அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் போனால், கீறும் நேரத்தில் தசையில் மருந்து நிறைந்திருக்கும். ரொம்ப நேரம் நீண்டாலோ ரத்தம் அதிகம் போனாலோ நடுவில் இன்னொன்று. தையல் போட்ட பிறகு தொடர்வதால் பலனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே எழுதிவிட்டது. ஆனாலும் "அஞ்சு நாள் இருக்கட்டும்" என்ற பழக்கம் போவதில்லை. அறுவை டாக்டரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. புண்ணில் சீழ் வைத்தால் வீட்டார் சட்டையைப் பிடிப்பது அவருடையதை. ஐந்து நாள் மருந்தால் ஆறு மாதம் கழித்து வேறொருவருக்கு வரும் தொற்றுக்கு யாரும் அவரைத் தேடி வரப்போவதில்லை. அந்தப் பயத்தை மரியாதையோடு பேசித்தான் கரைக்க வேண்டியிருக்கிறது. அவருடைய சொந்த நோயாளிகளின் கணக்கையே எடுத்துக் காட்டி, ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் ஐந்து நாள் போட்டவர்களுக்கும் சீழ் ஒரே அளவில்தான் வந்தது என்று காட்டினால் சிலர் இறங்கிவருவார்கள். சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

சில மருத்துவமனைகளில் கொலிஸ்டின் போன்ற கடைசி மருந்துகளுக்கு அனுமதிப் படிவம் உண்டு. காரணம் எழுதி நிபுணர் கையெழுத்து வாங்கினால்தான் ஃபார்மசி கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் படிவங்களில் காரணம் என்ற கட்டத்தில் "நோயாளி கவலைக்கிடம்" என்று மட்டும் எழுதியிருக்கும். நானும் கொடுத்துவிடுவேன், வேறென்ன செய்ய? காலையில் நிபுணரோடு அதே கட்டிலுக்குப் போய், கல்ச்சர் என்ன ஆயிற்று, இன்னும் வேண்டுமா என்று கேட்பதில்தான் உண்மையான பலன்.

கொலிஸ்டின் ஏன் கடைசி என்றால், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதைத் தூக்கியெறிந்த காலமும் உண்டு. மெரோபெனத்தை உடைத்துப்போடும் நொதியோடு கிருமிகள் பெருகியதும் வேறு வழியில்லாமல் அதை மறுபடி எடுத்தோம். அந்த நொதிகளில் ஒன்றுக்குப் புது டெல்லியின் பெயரையே வைத்ததும், 2010-ல் அது பற்றிய கட்டுரை வந்தபோது நாடாளுமன்றம் வரை கொதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. பெயரைப் பற்றிய சண்டையில் விஷயம் பின்னுக்குப் போய்விட்டது. அப்புறம் 2012-ல் பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு பிரகடனம் எழுதின. 2014 மார்ச் 1 முதல், பெரிய ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடை நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதிய பதிவேடு மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற அட்டவணை எச்-1 விதி வந்தது. எங்கள் தெரு மெடிக்கலில் அந்தப் பதிவேடு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுவிடும்.

வீட்டார் என்ன கேட்கலாம்

எல்லா மருத்துவமனையிலும் தொற்று நிபுணர் இருக்க மாட்டார். தாராவியிலும் செம்பூரிலும் பத்துப் படுக்கை நர்ஸிங் ஹோம்கள்தான் அதிகம். அங்கேயும் ஐ.சி.எம்.ஆர் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி இருக்கிறது, கல்ச்சரை வெளி லேபுக்கு அனுப்பலாம், தெரிந்த நிபுணரிடம் போனில் கேட்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். வீட்டார் செய்யக்கூடியது, சண்டைக்குப் போகாமல் கேட்பது. மருந்து ஆரம்பிக்கும் முன் கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்? மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்ததும் மருந்து மாறுமா? ஊசியை மாத்திரையாக்க முடியுமா, எத்தனை நாள்? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனால் இன்னும் நல்லது. மாமாவின் கிளிமெபிரைட் அப்படித்தான் நிபுணர் கண்ணில் பட்டது. அத்தை அதை டிபன் பாக்ஸ் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தார்.

ஆன்டிபயாடிக் என்றாலே வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டியதே, அதற்குப் பிறகு எலிக் காய்ச்சலில் எத்தனை குடும்பங்கள் அல்லாடின என்று இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. வெள்ளத்தில் நடந்தவர்கள், அதுவும் காலில் புண்ணோடு நடந்தவர்கள், 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கச் சொல்லி மாநகராட்சி இப்போது மழை பலமாகப் பெய்யும்போதெல்லாம் அறிவிக்கிறது. தேவையென்றால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். பழைய மருந்து, மலிவான மருந்து. வேளையில் கொடுத்தால் ஐ.சி.யூ வாசலை மிதிக்க வேண்டியிருக்காது.

மாமா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். சர்க்கரை ஒருமுறை எழுபதுக்கு இறங்கியதும் கிளிமெபிரைடை அரையாக்கினார்கள். பொட்டாசியம் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அத்தை சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, மாத்திரை அட்டையைக் காட்டினார். இரண்டு நாள் மாத்திரைதான் பாக்கி.

"இதுல மிச்சம் வந்தா எடுத்து வச்சுக்கிடட்டா? மழ நேரம், யாருக்காச்சும் ஆவும்லா."

"மிச்சம் வராது அத்த. எண்ணித்தான் எழுதியிருக்காவ."

அத்தை அட்டையைத் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.